நெடுநடையில் பின்னால் வருபவரே வழிகாட்டி

நடை எம்மவருக்குப் புதிதன்று. பாடசாலைக்கு நடந்தோம், தோட்டத்துக்கு நடந்தோம், நேர்த்தி வைத்துக் கோவிலுக்கு நடந்தோம். பிரித்தானிய மண்ணுக்கு வந்த பின்னர் நிலக்கீழ்ப் புகையிரதமும் மகிழுந்தும் எம் கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டன. மருத்துவர் கண்டித்த பின்னரே பூங்காவைச் சுற்றி நடக்கத் தொடங்கியவர்கள் எம்மில் பலர். ஆயினும் அண்மைக் காலத்தில் மகிழ்ச்சி தரும் மாற்றமொன்றைக் காண்கிறோம். இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள், கோடை விடுமுறையில் பல நாள்கள் தொடர்ந்து நடக்கும் நெடுநடைகளுக்குப் புறப்படுகிறார்கள். சிலர் பெற்றோரையும் அழைக்கிறார்கள். பெற்றோரும் தயங்கித் தயங்கி இணங்குகிறார்கள்.

இத்தகைய பயணங்களில் பல இடைவழியில் முறிந்துபோவதை நாம் அறிவோம். மலை உயரமாக இருந்ததனாலோ மழை பெய்ததனாலோ அவை முறிவது குறைவு. வீட்டு மேசையில் இருந்து திட்டம் போடும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை காணாமல் விட்டதனாலேயே பெரும்பாலானவை முறிகின்றன. முதலாவது கேள்வி: எமது குழுவில் மிக மெதுவாக நடப்பவர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பார்? இரண்டாவது: அடுத்த உணவு எங்கே கிடைக்கும்? இவ்விரண்டுக்கும் விடை கண்டுவிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். இதனை விளக்குவதற்கு, நாமும் நடந்து பார்த்த ஒரு பாதையையே எடுத்துக்கொள்வோம்.

மாடுகள் வகுத்த பாதை

ஸ்கொட்லாந்திலே கிளாஸ்கோ நகரின் வடபுறத்திலுள்ள மில்கை என்னும் சிறுநகரில் தொடங்கி, லோமண்ட் ஏரியின் கீழைக்கரை வழியே சென்று, றனொக் சதுப்புவெளியின் ஓரத்தைக் கடந்து, பிரித்தானியாவின் மிக உயர்ந்த மலையாகிய பென் நெவிஸின் அடிவாரத்திலுள்ள போர்ட் வில்லியம் நகரில் முடிவது 'மேற்கு மலைநாட்டு வழி'. இதன் நீளம் 96 மைல்; அதாவது 154 கிலோ மீற்றர். 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இது, ஸ்கொட்லாந்தின் அரச அங்கீகாரம் பெற்ற முதலாவது நெடுந்தூர நடைபாதையாகும்.

இப்பாதையின் பல பகுதிகள் முற்காலத்தில் மாட்டு வணிகரின் வழிகளாக இருந்தவை. வட மலைநாட்டிலே வளர்த்த மாடுகளை மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு, தெற்கே போல்கேர்க் முதலிய இடங்களில் கூடும் பெருஞ்சந்தைகளுக்குச் சென்றார்கள் அவ்வணிகர்கள். நாளொன்றுக்கு அவர்கள் கடந்த தூரம் ஏறத்தாழ 10 முதல் 12 மைல் மட்டுமே. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தனியே நடந்தால் அதைப்போல் இருமடங்கு நடக்க வல்லவர்கள். ஆனால் விரைந்து ஓட்டினால் மாடு மெலியும். மெலிந்த மாட்டுக்குச் சந்தையில் விலை இல்லை. எனவே மாட்டின் நடையே மந்தையின் நடையாயிற்று. மாடு மேயப் புல்லும் குடிக்க நீரும் உள்ள இடமே இரவுத் தங்கலாயிற்று. இன்று நடைபயணிகள் தங்கும் டைன்ட்றம், இன்வரோரன், கிங்ஸ் ஹவுஸ் ஆகிய இடங்கள் ஒன்றுக்கொன்று 9, 10 மைல் இடைவெளியில் அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்த மாட்டு வணிகரின் கணக்கு எவ்வளவு சரியானது என்பது விளங்கும். நாம் மேற்கூறிய இரு கேள்விகளுக்கும் அவர்கள் என்றோ விடை கண்டுவிட்டார்கள்.

நெய்ஸ்மித் வகுத்த விதி

நடைக்கு நேரம் கணிப்பதற்குப் பிரித்தானியாவில் இன்றும் வழங்கிவரும் விதியொன்று உண்டு. ஸ்கொட்லாந்தின் மலையேறுநராகிய வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டில் வகுத்தது அது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேலாக, ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைய அளவையில் சொல்வதானால், 5 கிலோ மீற்றருக்கு ஒரு மணி நேரமும் 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரமும் என்று கொள்ளலாம்.

விதி எளிது. ஆனால் அது யாருக்காக வகுக்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. பழக்கப்பட்ட உடலும் இலேசான சுமையும் நல்ல பாதையும் உடைய மலையேறுநர் ஒருவரையே அவர் மனத்திற் கொண்டிருந்தார். இளைப்பாறும் நேரம் அதில் இல்லை. தேநீர் குடிக்கும் நேரம் இல்லை. சப்பாத்தைக் கழற்றிக் கொப்புளத்துக்கு மருந்து போடும் நேரம் இல்லை. இறக்கத்திலே முழங்கால் நோக ஒவ்வோர் அடியாக வைத்து இறங்கும் நேரமும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ட்றிமன் என்னும் ஊரிலிருந்து கோனிக் குன்றின் தோளைக் கடந்து பால்மஹா வழியாக றோவர்டெனனை அடையும் தூரம் ஏறத்தாழ 14 மைல். ஏற்றங்களெல்லாம் சேர்ந்து 1500 அடி என வைத்துக்கொண்டால், நெய்ஸ்மித் விதிப்படி 4 மணி 40 நிமிடத்துடன் 45 நிமிடம் கூடி, 5 மணி 25 நிமிடம் வருகின்றது. காலை 9 மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று காகிதம் சொல்லும். அறுபது வயதைக் கடந்த ஒருவரையும் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியையும் உள்ளடக்கிய ஒன்பது பேர் கொண்ட குழுவொன்று இத்தூரத்தை நடந்து முடிக்க எட்டரை மணி நேரம் எடுத்ததை நாம் உடன் நடந்து கண்டோம். அக்குழுவினர் எவரும் வருந்தவில்லை. ஏனெனில் எட்டரை மணி நேரம் எடுக்கும் என்றே அவர்கள் முன்கூட்டிக் கணித்திருந்தார்கள்.

அக்கணிப்பு எவ்வாறு வந்தது? பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும், பயணத்தில் சுமக்கப்போகும் அதே பையைச் சுமந்து, அதே சப்பாத்தை அணிந்து, வீட்டுக்கு அண்மையிலுள்ள குன்றுப் பாதையொன்றில் பத்துப் பத்து மைல் நடந்து பார்த்தார்கள். முதல் நாள் நடை எல்லோருக்கும் இனிக்கும். இரண்டாம் நாட் காலையில் எழுந்து நடக்கும் நடையே உண்மையான வேகத்தைக் காட்டும். அந்த இரண்டாம் நாளில், கடைசியாக வந்து சேர்ந்தவர் எடுத்த மொத்த நேரத்தால் தூரத்தைப் பிரித்தபோது கிடைத்த விடை மணிக்கு இரண்டு மைலுக்குச் சற்றுக் குறைவு. அதனையே குழுவின் வேகமாகக் கொண்டார்கள். எல்லோருடைய வேகத்தையும் கூட்டிச் சராசரி காண்பது பாடசாலைக் கணக்கிற்குப் பொருந்தும், மலைப்பாதைக்குப் பொருந்தாது. சராசரி வேகத்தில் நடக்கும் மனிதர் எந்தக் குழுவிலும் இல்லை. கடைசியாக வருபவர் எல்லாக் குழுவிலும் உண்டு.

ஆறு நாளா, ஒன்பது நாளா?

அக்குழுவின் திட்டம் தொடக்கத்தில் இவ்வாறு இருக்கவில்லை. இளைஞர்கள் வரைபடத்தை விரித்து வைத்து, 96 மைலை ஆறால் பிரித்து, நாளுக்கு 16 மைல் என்று முடிவுகட்டியிருந்தார்கள். அவர்களுள் ஒருவருடைய தாயாரும் வர விரும்பினார். அவருக்கு வயது அறுபத்து மூன்று, நீரிழிவும் உண்டு. எம்மிடம் வந்த அவ்விளைஞர், "சேர், அம்மா வந்தால் ஆறு நாளிலை முடிக்கேலாது. அவ சாமானோடை வானிலை வரட்டும். பின்னேரத்திலை சந்திப்பம்" என்றார். தாயார் ஒன்றும் பேசவில்லை.

நாம் அவர்களுக்குச் சொன்னது இதுதான்: வானில் வருபவர் பயணத்தைப் பார்க்க வந்தவர், நடந்து வருபவரே பயணி. அம்மாவைப் பயணியாக அழைக்கிறீர்களா, சமையலுக்கு அழைக்கிறீர்களா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். முடிவுசெய்த பின் கணக்குப் போடுங்கள். வெட்கத்துடன் சிரித்துவிட்டு அவர்கள் மீண்டும் வரைபடத்தை விரித்தார்கள். ஒன்பது நாள் திட்டம் பிறந்தது.

மில்கையிலிருந்து ட்றிமனுக்கு 12 மைல் முதலாம் நாள், பெரும்பாலும் சமதரை. றோவர்டெனனுக்கு 14 மைல் இரண்டாம் நாள். அதன்பின் இன்வரார்னன் வரையுள்ள 14 மைலைப் பலர் ஒரே நாளில் நடப்பர். ஆனால் இதுவே முழுப் பாதையிலும் மிகத் தாமதமான பகுதி. குறிப்பாக இன்வர்ஸ்னெய்ட்டுக்கு அப்பால், ஏரிக்கரையை ஒட்டிப் பாறையும் மர வேரும் பின்னிக் கிடக்கின்றன; கையையும் ஊன்றி ஏறி இறங்க வேண்டிய இடங்கள் உண்டு. ஏற்றம் அதிகம் இல்லாததால் நெய்ஸ்மித்தின் விதி இவ்விடத்தில் ஏமாற்றிவிடும். மணிக்கு ஒரு மைலளவே இங்கு கைகூடும் என்று கொள்வது பாதுகாப்பானது. எனவே இப்பகுதியை இன்வர்ஸ்னெய்ட்டில் இரண்டாக முறித்து, 7 மைல் மூன்றாம் நாளும் 7 மைல் நான்காம் நாளும் என்று வகுத்தார்கள். ஐந்தாம் நாள் டைன்ட்றமுக்கு 12 மைல்; ஆறாம் நாள் இன்வரோரனுக்கு 9; ஏழாம் நாள் கிங்ஸ் ஹவுஸுக்கு 10; எட்டாம் நாள் 'பிசாசின் படிக்கட்டு' எனப் பெயர்பெற்ற ஏற்றத்தைக் கடந்து கின்லொக்லீவனுக்கு 9. இறுதி நாள் போர்ட் வில்லியத்துக்கு 15 மைல். இடையில் ஊர் எதுவும் இல்லாமையால் இந்த இறுதி நாளை முறிப்பது கடினம். ஆகவே அதற்கு முந்திய மூன்று நாள்களும் குறுகியனவாக அமைந்தது நன்மையாயிற்று.

நடையில் ஓர் ஒழுங்கும் வேண்டும். ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு என்பது நல்ல முறை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் கடைசியாக வருபவர் வந்து உட்கார்ந்த பின்னரே தொடங்க வேண்டும். வலியவர்கள் முன்னே ஓடிப்போய்க் கல்லின்மேல் அமர்ந்து இளைப்பாறுவதும், மெலியவர் மூச்சுவாங்க வந்து சேர்ந்ததும் "சரி, போவம்" என்று எழுந்து நடப்பதும் எமது குழுக்களில் அடிக்கடி நிகழ்வது. இதனால் ஓய்வு தேவையற்றவர் நாள் முழுவதும் ஓய்வெடுக்கிறார். தேவையானவருக்கு ஒரு தடவையும் கிடைப்பதில்லை. இதனைத் தவிர்க்க எளிய வழி, மெதுவாக நடப்பவரை முன்னே விடுவது. அந்தத் தாயாரே ஒன்பது நாளும் முன்னே நடந்தார்.

ஏரிக்கரையில் ஓய்ந்திருந்த வேளையில் அவர் சொன்ன வார்த்தையை இங்கு பதிவுசெய்வது பொருத்தம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்த இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. "அண்டைக்கு எங்கை போறம் எண்டு தெரியாமல் நடந்தனாங்கள். இண்டைக்கு எங்கை சாப்பாடு, எங்கை படுக்கை எண்டு தெரிஞ்சு நடக்கிறன். அதிலையே பாதிக் களைப்பு இல்லை" என்றார். திட்டம் என்பதன் பயனை இதைவிடச் சுருக்கமாக எம்மால் எடுத்துரைக்க இயலாது.

உணவும் சுமையும்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இப்பாதையில் பலசரக்கு வாங்கத்தக்க கடைகள் ட்றிமன், பால்மஹா, டைன்ட்றம், கின்லொக்லீவன் ஆகிய ஊர்களில் உள்ளன. இன்வரார்னனில் உள்ள கூடார முகாமில் சிறு கடையொன்று உண்டு. கிறியன்லாறிக் என்னும் ஊர் பாதையை விட்டுச் சற்று விலகி இருப்பதால், அங்கு இறங்கினால் மீண்டும் ஏறவேண்டும். றோவர்டெனன், இன்வர்ஸ்னெய்ட், ஓர்க்கிப் பாலம், இன்வரோரன், கிங்ஸ் ஹவுஸ் ஆகிய இடங்களில் விடுதிகள் உண்டு. அங்கு பணம் கொடுத்து உணவருந்தலாம், ஆனால் அரிசியும் பருப்பும் வாங்க முடியாது. உணவருந்தும் நேரமும் பருவகாலமும் விடுதிக்கு விடுதி மாறுமாதலால், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

இதிலிருந்து இரண்டு நீண்ட இடைவெளிகள் தெளிவாகின்றன. ஒன்று, பால்மஹாவுக்கும் டைன்ட்றமுக்கும் இடைப்பட்டது. மற்றையது, டைன்ட்றமுக்கும் கின்லொக்லீவனுக்கும் இடைப்பட்ட 28 மைல். கூடாரம் சுமந்து தாமே சமைத்து உண்போருக்கு இவ்விடைவெளிகளே முழுத் திட்டத்தையும் நிர்ணயிப்பவை.

கணக்கு இதுதான். நாள் முழுவதும் நடப்பவர் ஒருவருக்கு, நீர் சேராத உலர் உணவாக ஏறத்தாழ 700 கிறாம் வேண்டும். ஒன்பது நாள் திட்டத்தில் டைன்ட்றமிலிருந்து கின்லொக்லீவனுக்கு மூன்று நாள்; எனவே 2 கிலோ 100 கிறாம். எதிர்பாராத தாமதத்துக்கென ஒரு நாள் உணவு மேலதிகமாக எப்போதும் பையின் அடியில் இருக்க வேண்டும். அதனையும் கூட்டினால் 2 கிலோ 800 கிறாம். பால்மஹாவிலிருந்து டைன்ட்றமுக்கு இரண்டாம் நாள் இராவுணவு தொடங்கி ஐந்தாம் நாள் மாலை வரை மூன்றரை நாள். சேமிப்பும் சேர்ந்து 3 கிலோவுக்கு மேல் வரும். முழுப் பயணத்திலும் மிகக் கனமான உணவுப் பை இதுவே. இதைச் சுமக்க வேண்டிய இடமோ ஏரிக்கரையின் மிகக் கரடான பாதை. இந்தப் பொருத்தமின்மையை வீட்டிலேயே கண்டுகொண்டவர், அந்த நாள்களின் தூரத்தைக் குறைத்துக்கொள்வார். உடுபுடைவை, கூடாரம், நீர் எல்லாம் உட்படச் சுமை உடல் நிறையின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நன்று.

கடையை மட்டும் நம்பிப் போக வேண்டியதில்லை. எமது அடுக்களையிலே நெடும்பயணத்துக்கு உகந்த உணவுகள் பல உள்ளன. பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, பொரிவிளாங்காய், வறுத்த கச்சான் ஆகியவை பல நாள் கெடாதவை. சிறிய இடத்தில் நிறையச் சத்துத் தருபவை. அரிசிமாவும் உழுத்தம்மாவும் வறுத்துச் சேர்த்து வைத்தால், கொதிநீரும் பனங்கட்டியும் இட்டுக் காலை உணவாக்கலாம். மைசூர்ப் பருப்பு விரைவில் வெந்துவிடும், எரிபொருள் மிச்சமாகும். புட்டும் இடியப்பமும் கட்டிக்கொண்டு புறப்படுவோர் முதலாம் நாளிலேயே அவற்றை உண்டு தீர்க்க வேண்டும். பாண், பழம், பால்கட்டி முதலியவற்றை வழிக் கடைகளில் வாங்கலாம். அந்தப் பழைய மாட்டு வணிகர்கள் பையில் வைத்திருந்த முக்கிய உணவும் ஓட்ஸ் மாவே என்பதை நினைவிற்கொள்க. உலர்ந்த மாவைச் சுமப்பதும் நீரை வழியில் பெறுவதும் எல்லா நாட்டு வழிப்போக்கர்களும் கண்ட முறை.

கதிர்காம யாத்திரை சென்றோருக்கும் இது நன்கு தெரியும். கிழக்குக் கரையோரமாக ஊர்கள் உள்ளவரை அடியார்களுக்கு அன்னதானமும் கடையும் உண்டு. உகந்தை முருகன் கோவிலைத் தாண்டிக் குமுனை, யால காடுகளுக்குள் புகுந்துவிட்டால் கடை இல்லை. ஆகவே உகந்தையிலே தங்கி, காட்டில் கழியும் நாள்களை எண்ணி, அதற்குரிய அரிசியையும் உலர் உணவையும் கட்டிக்கொண்டே புறப்படுவர். முதியோரை நடுவில் விட்டு, கூட்டமாகவே நடப்பர். அந்த அறிவை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுவருவதில் குறைவொன்றும் இல்லை.

நீரைப் பற்றியும் ஒரு சொல். ஓடைகள் நிறைந்த நாடு இது. ஆயினும் மேலே ஆடுகள் மேய்கின்றன. ஆதலால் கொதிக்க வைத்தோ வடிகருவியால் வடித்தோ குடிக்க வேண்டும். புறப்படும்போது ஒருவருக்கு ஒரு லீற்றராவது கையில் இருக்கட்டும்.

சுமை தூக்க இயலாதோருக்குப் பையை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வாகனத்தில் கொண்டுசெல்லும் சேவைகளும் இப்பாதையில் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவது இழுக்கன்று. ஆனால் மழையங்கி, ஒரு வேளை உணவு, நீர், மருந்து, வரைபடம் ஆகிய ஐந்தும் ஒருபோதும் வாகனத்தில் போகக் கூடாது. அவை நடப்பவரின் தோளிலேயே இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளோர் கவனத்துக்கு

எம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. நீரிழிவு உள்ளவர் நெடுநடைக்கு வரக்கூடாது என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் அவருக்கு உணவு நிறுத்தம் என்பது வசதிக்குரியதன்று, உயிருக்குரியது. நீண்ட நடை இரத்தத்திலுள்ள சீனியின் அளவைக் குறைக்கும். இன்சுலின் ஏற்றுபவருக்கும் சில வகை மாத்திரைகள் எடுப்பவருக்கும் இது ஆபத்தான அளவுக்குப் போகலாம். நடை முடிந்து உறங்கும் இரவிலும் நிகழலாம். எனவே புறப்படுமுன் தம் மருத்துவரிடம் ஒன்பது நாள் திட்டத்தைக் காட்டி, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்பது முதற் கடமை.

இரண்டாவது, குளுக்கோஸ் வில்லையோ இனிப்புப் பானமோ பையின் அடியில் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும். மூன்றாவது, மருந்தை இரண்டாகப் பிரித்து இருவரிடம் வைத்தல் வேண்டும். ஒரு பை ஏரியில் விழுந்தாலும் மற்றையது இருக்கும். இன்சுலின் உறையவும் கூடாது, வெயிலில் காயவும் கூடாது. நான்காவது, நடுக்கம், வியர்வை, தடுமாற்றம், காரணமற்ற கோபம் ஆகியவை சீனி குறைவதன் அறிகுறிகள் என்பதைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும், சிறுவர் உட்பட, அறிந்திருக்க வேண்டும். ஐந்தாவது, கால்களை ஒவ்வோர் இரவும் பார்க்க வேண்டும்; உணர்ச்சி குன்றிய பாதத்தில் கொப்புளம் வலிக்காமலே புண்ணாகிவிடும். நாம் கண்ட அக்குழுவில் மகனே ஒவ்வொரு மாலையும் தாயின் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். வானில் வரட்டும் என்று சொன்ன அதே மகன்தான்.

திரும்பும் வழியும் திட்டமே

நல்ல திட்டத்தில் நிறுத்திக்கொள்ளும் இடங்களும் குறிக்கப்பட்டிருக்கும். இப்பாதை இதற்கு மிக வாய்ப்பானது. கிறியன்லாறிக், டைன்ட்றம், ஓர்க்கிப் பாலம் ஆகிய இடங்களில் கிளாஸ்கோவுக்கும் போர்ட் வில்லியத்துக்கும் செல்லும் புகையிரத நிலையங்கள் உள்ளன. அவற்றின் நேரங்களைக் குறித்து வைத்திருப்பவர், உடல்நலம் குன்றியவரை அவமானமின்றி அனுப்பிவைக்கலாம். கிங்ஸ் ஹவுஸுக்கும் கின்லொக்லீவனுக்கும் இடையில், 550 மீற்றர் அளவு உயரமுள்ள கணவாயில், அத்தகைய வசதி இல்லை. காலையில் முகில் தாழ்ந்து காற்று வீசினால் அன்று கிங்ஸ் ஹவுஸிலேயே தங்குவதற்குத்தான் பையின் அடியிலுள்ள அந்த ஒரு நாள் உணவு.

இந்தக் கணவாய்க்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1905 தொடக்கம் 1909 வரை கின்லொக்லீவன் அலுமினிய ஆலைக்காகப் பிளாக்வோட்டர் அணை கட்டப்பட்டபோது, ஊர் விட்டு ஊர் வந்த கூலித் தொழிலாளர் பலர் மலைமேல் முகாம்களில் தங்கியிருந்தனர். கூலி கிடைத்ததும் சிலர் மலையைக் கடந்து கிங்ஸ் ஹவுஸ் மதுச்சாலைக்கு நடந்துவிட்டு, இரவில் திரும்பும் வழியிலே பனியில் சிக்கி மாண்டார்கள். போகும் நேரத்தை அறிந்திருந்தார்கள். திரும்பும் நேரத்தை எண்ணவில்லை. உழைக்க வந்த இடத்தில் ஊரறியாது இறந்த அவர்களை நினைக்கும்போது, நாமும் வேறு நாட்டுக்கு உழைக்க வந்தவர்கள் என்ற எண்ணம் எழாமல் இருப்பதில்லை.

பருவத்தையும் பகற்பொழுதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி மாதத்தில் அங்கு 17 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் உண்டு. மெதுவாக நடப்போருக்கு அது பெருங்கொடை. ஐப்பசியில் அது பத்து மணி நேரமளவாகச் சுருங்கும். அப்போது எட்டரை மணி நேர நடை அந்தியிற்போய் முடியும். ஆனால் வைகாசி இறுதியிலிருந்து புரட்டாதி வரை, கடிக்கும் நுண்கொசுக்கள் மாலை வேளைகளில் மொய்க்கும், முகவலை அவசியம். கூடாரம் அடிக்கும் உரிமை ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுவாக உண்டெனினும், லோமண்ட் ஏரியின் கீழைக்கரைப் பகுதிகளில் 2017 முதல் மார்ச் தொடக்கம் செப்ரெம்பர் முடியும் வரை முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி வந்துள்ளது. இதை அறியாது போய், இருட்டிய பின் இடம் தேடி அலைவது சிறு பிள்ளைகளுடன் செல்வோருக்குத் தகாது.

இடர் நேர்ந்தால் 999 அல்லது 112 இலக்கத்தை அழைத்துப் பொலிஸாரைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று கூற வேண்டும். கைத்தொலைபேசி எல்லா இடத்திலும் வேலை செய்யாது. ஆகவே ஊதுகுழல் ஒன்று ஒவ்வொருவர் கழுத்திலும் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் ஊதுவது உதவி கோரும் குறியாகும்.

பெரியோரே, இளைஞரே! அடுத்த கோடைக்கு இன்னும் காலம் உண்டு. ஒரு தாளை எடுத்து நான்கு நிரல் கீறுங்கள். முதல் நிரலில் நாள், இரண்டாவதில் தூரம், மூன்றாவதில் குழுவின் மிக மெதுவான நடைக்கு ஆகும் நேரம், நான்காவதில் அன்றைய உணவு எங்கிருந்து வருகிறது என்பது. நான்காவது நிரலில் எந்த நாளுக்காவது விடை இல்லையெனில் அன்று புறப்படாதீர்கள். மூன்றாவது நிரலில் உள்ள எண் உங்கள் வீட்டு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பொருந்தவில்லையெனில், அவர்களை விட்டுவிடாதீர்கள், நாள்களைக் கூட்டுங்கள். தாளின் படியொன்றை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். மூன்று நாள் கூடியதனால் எவரும் எதையும் இழந்ததில்லை. அந்தத் தாயார் போர்ட் வில்லியத்தை அடைந்தது ஒன்பதாம் நாள் மாலை ஏழு மணிக்கு. அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் வந்தார்கள்.